நிஜாம் நாட்டுக்குப் போன நெல்லைக்காரர்

சென்னையிலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸில் ஹைதராபாத் வந்து பழகியவர்களுக்கு அந்த ராத்திரிப் பயணம் நன்றாகத் தெரியும். விஜயவாடா வருவதற்குள் பாதி ரயில் தூங்கியிருக்கும். கம்மம் தாண்டி, வாரங்கலுக்கு முன்னால், தோர்ணக்கல் ஜங்ஷன் என்றொரு பெயர்ப்பலகை இருட்டில் கடந்து போகும். சிங்கரேணி நிலக்கரிக்காகப் போட்ட கிளைப்பாதை பிரிகிற இடம். அவ்வளவுதான் நம்மில் பலருக்கு அந்த ஊரைப் பற்றித் தெரிந்தது.

அந்த ஊரில் ஒரு தமிழர் முப்பத்தைந்து வருடம் வாழ்ந்து, அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமானார். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனங்காட்டுக் கிராமமான வெள்ளாளன்விளையில் பிறந்தவர். இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப். பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

காஞ்சன்பாக் பக்கம் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. வேலைக்காக வெளியூர் போய், அங்கே பத்து இருபது வருடம் வாழ்கிற எல்லோருக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

*

முதலில் ஊர்க்கதை. திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் வேர்விட்டது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில். 1799-ல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உண்டானது. 1820-ல் ரேனியஸ் என்ற ஜெர்மானியர் பாளையங்கோட்டைக்கு வந்தார். அதன்பின் பள்ளிக்கூடங்கள், அச்சகம், கிராமம் கிராமமாகச் சபைகள். மெஞ்ஞானபுரம், நாசரேத், இடையன்குடி என்று பெயர்களே ஒரு வரலாறு.

அந்தச் சபைகளில் பெரும்பகுதி நாடார் சமூகத்தவர். அந்தக் காலத்தில் அவர்களுக்குக் கோவிலுக்குள் போக அனுமதி கிடையாது. 1897-ல் கமுதிக் கோவில் நுழைவு வழக்கு, 1899-ல் சிவகாசிக் கலவரம் இதெல்லாம் அசரியாவின் இளமைக் காலத்தில் நடந்தவை. மதம் மாறுவது என்பது அந்தச் சீமையில் பரலோகத்தைப் பற்றிய முடிவு மட்டுமல்ல. தெருவில் எப்படி நடக்கலாம், பிள்ளை எந்தப் பள்ளியில் உட்காரலாம் என்பதும் அதில் சேர்ந்தே இருந்தது. இதை மறந்துவிட்டு மதமாற்றத்தைப் பற்றிப் பேசினால் பாதிதான் பேசுகிறோம்.

அசரியா 1874 ஆகஸ்ட் 17 அன்று பிறந்தார். அப்பா தாமஸ் வேதநாயகம் ஊர்க் குருவானவர். பையன் மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்துவிட்டுச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். பட்டம் வாங்கவில்லை. 1895-ல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராகச் சேர்ந்து தென்னிந்தியா முழுக்க ரயிலில் சுற்றினார். 1898-ல் அன்பு மாரியம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார்.

1902-ல் யாழ்ப்பாணம் போனார். இங்கேதான் திருப்பம். யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு போட்டு, தங்கள் ஆட்களையே வெளியூர்களுக்கு ஊழியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடல் தாண்டி நம் கரைக்கே ஆள் வந்துகொண்டிருந்தது. இதைப் பார்த்தவருக்கு உறுத்தியது. திருநெல்வேலிச் சபைக்கு அப்போது நூறு வயது. நூறு வருடமாக வெள்ளைக்காரரிடம் வாங்கியே பழகிய சபை. இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாமா?

1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. கொள்கை ரொம்ப எளிமை. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம். வெளிநாட்டுக் காசு ஒரு பைசா கிடையாது. கைப்பிடி அரிசிப் பழக்கம் நெல்லைக்காரர்களுக்குத் தெரியும். சோறு வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்துக் கலயத்தில் போட்டு, வாரக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டுபோவார்கள். அப்படிப்பட்ட சபைகள்தான் இந்தச் சங்கத்தைத் தாங்கின. 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் இதே எண்ணத்தில் அகில இந்திய அளவில் தேசிய மிஷனெரி சங்கமும் உருவானது. அதிலும் அசரியா முன்னணியில் இருந்தார். வங்கப் பிரிவினை நடந்து, சுதேசி இயக்கம் சூடு பிடித்திருந்த அதே வருடம் என்பதைக் கவனியுங்கள். துணியில் சுதேசி கேட்ட காலத்தில் இவர்கள் சபையில் சுதேசி கேட்டார்கள்.

*

நெல்லைச் சங்கம் தேர்ந்தெடுத்த இடம் நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல் பகுதி. மொழி தெரியாத ஊர், வேறு அரசு, வேறு நாணயம். தமிழ்நாட்டுக்குள்ளேயே செய்வதற்கு வேலை இல்லாமல் இல்லை. ஆனாலும் போனார்கள்.

அனுப்பிவைப்பதோடு நிற்காமல் 1909-ல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்று, அசரியாவே குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார். முதலில் கூடார வாசம். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு எழுத்துப் பழகினார். பிறகு அந்த மொழியிலேயே பிரசங்கம் செய்தார், எழுதினார், மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார்.

அவர் போன ஊர்களின் நிலைமை என்ன? மாலா, மாதிகா என்ற இரு தாழ்த்தப்பட்ட சமூகங்கள். கிராமத்துக்கு வெளியே குடிசைகள். தெலங்கானாவில் வெட்டி என்றொரு முறை இருந்தது. கூலி இல்லாமல் தேஷ்முக்குக்கும் அதிகாரிக்கும் வேலை செய்ய வேண்டும். நம் தமிழில் வெட்டி வேலை என்று சிரித்துக்கொண்டு சொல்கிறோமே, அங்கே அது சிரிப்பு இல்லை. இந்த முறைக்கு எதிரான கோபம்தான் பிற்பாடு 1946-ல் தெலங்கானா ஆயுதப் போராட்டமாக வெடித்தது.

அசரியாவிடம் வந்த ஜனங்கள் பெரும்பாலும் இவர்கள். தனித்தனி ஆளாக வரவில்லை. குடும்பம் குடும்பமாக, சேரி சேரியாக வந்தார்கள். அவர் அவர்களிடம் கேட்டவை நடைமுறையானவை. அழுக்கு, நோய், கடன், குடி என்ற நான்கையும் பெரிய எதிரிகளாகச் சொன்னார். செத்த மாட்டு இறைச்சியை விடு, சாராயத்தை விடு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு. அடுத்து, இன்றைக்குப் பலர் கவனிக்காத ஒன்று. ஞானஸ்நானம் பெறுகிற ஒவ்வொருவரையும் தன் தலையில் கை வைத்து, இனி இந்தச் செய்தியைச் சொல்வது என் பொறுப்பு என்று உறுதி எடுக்க வைத்தார். எழுத்தறியாத கூலிப் பெண் அன்றைக்கே அறிவிப்பவளாகிறாள். பரம்பரையாகக் கேட்க மட்டுமே அனுமதிக்கப்பட்ட ஒருத்திக்குப் பேச உரிமை கிடைக்கிறது. என் கணக்கில் தோர்ணக்கலின் வளர்ச்சிக்குப் பெரிய காரணம் இதுதான்.

அதற்காக எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுதினால் பொய். மாலா வந்த சபைக்கு மாதிகா வர மறுப்பதும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுக்கத் தயங்குவதும் நடந்தன. சாதி ஞானஸ்நானத் தண்ணீரில் கரைந்துவிடவில்லை. நம் நெல்லைச் சபைகளின் நூறு வருடக் கதையைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அசரியா வாழ்நாள் முழுக்க இதோடு மல்லுக்கட்டினார்.

*

1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர்கள் இருபது பேர்கூடத் தேறாது. அங்கே அசரியா பேசினார். வெளிநாட்டு ஊழியருக்கும் உள்ளூர் ஊழியருக்கும் இடையே உள்ள உறவு என்பது தலைப்பு.

அவர் பேசியதன் சாரம் இது. நீங்கள் பள்ளி கட்டினீர்கள், ஆஸ்பத்திரி கட்டினீர்கள், உயிரைக்கூடக் கொடுத்தீர்கள், அதற்கெல்லாம் நன்றி. ஆனால் எங்களோடு ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா? எங்கள் வீட்டுக்கு வருகிறீர்களா? எங்களுக்கு இன்னும் வேண்டியிருப்பது நட்பு, அதைக் கொடுங்கள் என்று முடித்தார். அரங்கில் பலருக்குக் கோபம் வந்தது. நன்றி கெட்ட பேச்சு என்று நினைத்தவர்களும் உண்டு. நூறு வருடம் கழித்து அந்த மாநாட்டில் எல்லோரும் நினைவு வைத்திருப்பது அந்தப் பேச்சைத்தான்.

ஆபீசில் வெளிநாட்டு மேலதிகாரிகளோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் எதைச் சொன்னார் என்பது உடனே புரியும். சம்பளம் கொடுப்பார்கள், பாராட்டுக் கடிதம் கொடுப்பார்கள். சாப்பாட்டு மேசை மட்டும் தனியாக இருக்கும்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். சென்னை பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட் இதற்காகப் பாடுபட்டார். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஒரு இந்தியரின் கீழ் ஆங்கிலேயப் பாதிரிகள் வேலை பார்ப்பதா என்பது ஒரு பக்கம். அவர் பிறந்த சாதியைச் சொல்லி முணுமுணுத்த நம்மவர்கள் இன்னொரு பக்கம். சிறிய மறைமாவட்டமாகத் தொடங்கிய தோர்ணக்கல், 1920-களில் கிருஷ்ணா கரை வரை விரிந்தது. 1940-களின் தொடக்கத்தில் அங்கே ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

*

இப்போது இரண்டு கோவில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஹைதராபாத்திலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் மெதக் பேராலயம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பலரும் பார்த்திருப்பீர்கள். சார்லஸ் வாக்கர் பாஸ்நெட் என்ற வெஸ்லியன் மெதடிஸ்ட் பாதிரியார் கட்டியது. 1914-ல் வேலை தொடங்கி 1924 டிசம்பர் 25 அன்று பிரதிஷ்டை ஆனது. நூறடி அகலம், இருநூறு அடி நீளம், 175 அடி மணிக்கூண்டு. பஞ்ச காலத்தில் சும்மா சோறு போடாமல், கட்டட வேலை கொடுத்துக் கூலி கொடுத்தார் என்பதால் அந்த வட்டாரத்து ஜனங்கள் இன்றும் அவர் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். ஆனால் பாணி முழுக்க முழுக்க ஐரோப்பிய காதிக். வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் சீமையிலிருந்து வந்தவை. தெலங்கானா வயல் நடுவே ஒரு இங்கிலாந்து.

தோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை ஆனது. கட்டி முடிக்கச் சுமார் இருபத்தைந்து வருடம். கையில் காசு இருந்தபோது கட்டினார்கள், இல்லாதபோது நிறுத்தினார்கள். மசூதியைப் போன்ற குவிமாடமும் மினார்களும். உள்ளே நம் ஊர்க் கோவில் மண்டபத்தை நினைவூட்டும் கல் தூண்கள், தாமரைச் செதுக்கல்கள். நிஜாம் நாட்டில் முஸ்லிம் ஆட்சி, இந்து ஜனங்கள், அதன் நடுவே ஒரு கிறிஸ்தவக் கூட்டம். மூன்றையும் அந்தக் கட்டடம் ஒத்துக்கொள்கிறது. வழிபாட்டிலும் இதே வழிதான். தெலுங்கு மெட்டில் பாட்டு, ஊர்த் திருவிழாவைப் போல அறுப்பின் பண்டிகை.

எது அழகு என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. மெதக்கில் கூலி வாங்கிப் பிழைத்தவனுக்கு அது காதிக்கா திராவிடமா என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இரண்டு கட்டடங்களும் கேட்கும் கேள்வி வேறு. மெதக், நாங்கள் உனக்கு என்ன கொண்டுவந்திருக்கிறோம் பார் என்கிறது. தோர்ணக்கல், உன்னிடம் என்ன இருக்கிறது, அதில் நான் எங்கே உட்காரலாம் என்று கேட்கிறது.

*

1930-களில் விஷயம் அரசியலாகிவிட்டது. 1932-ல் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பில் கிறிஸ்தவர்களுக்கும் தனித்தொகுதி வந்தது. கிடைத்ததை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அசரியா வெளிப்படையாக எதிர்த்தார். சபை என்பது ஓட்டு எண்ணும் சாதியாக மாறிவிடும், பிறகு நாம் எதைச் சொன்னாலும் ஆள் சேர்க்கிறான் என்றுதான் கேட்பவன் நினைப்பான் என்பது அவர் பயம். இதில் காந்தியும் அவரும் ஒரே பக்கம்.

ஆனால் மதமாற்றத்தில் இருவரும் நேர் எதிர். 1936, 37-ல் காந்தி தன் ஹரிஜன் இதழில் தாழ்த்தப்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக மதம் மாறுவதைக் கடுமையாக விமர்சித்தார். விவரம் அறியாத ஏழையிடம் மதத்தை விற்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சுருக்கம். அசரியாவின் பதில் வேறு திசையில் இருந்தது. அந்த ஏழைக்கும் மனசாட்சி உண்டு, தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்யும் அறிவும் உண்டு. அவனுக்காக வேறொருவர் முடிவெடுப்பதுதான் அவமரியாதை என்றார். காந்தியின் கவலையில் நியாயம் உண்டு. பஞ்ச காலத்துக் கூலியும் பள்ளிக்கூடமும் சேர்ந்து வரும்போது, எது விசுவாசம் எது வயிறு என்று யார் பிரித்துச் சொல்வது? அசரியாவின் பதிலிலும் நியாயம் உண்டு. பணக்காரன் மதம் மாறினால் தத்துவம், ஏழை மாறினால் ஆசை வார்த்தையா?

மூன்றாவது குரல் அம்பேத்கர். 1935 அக்டோபரில் இயோலாவில், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார். எல்லா மதத்தாரும் அவரை வரவேற்றார்கள். திருச்சபை வட்டாரத்தில் ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அம்பேத்கர் அசரியாவைக் கேட்டாராம். நாங்கள் உங்களிடம் வந்தால் எல்லோரும் ஒரே சபையில் இருக்க முடியுமா? ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் என்று ஊருக்கு ஊர் பிரித்துவிடுவீர்களா? உங்களிடம் சாதி கிடையாதா? அசரியாவிடம் பதில் இல்லை என்று கதை முடியும். வார்த்தைக்கு வார்த்தை இப்படித்தான் நடந்ததோ என்னவோ, கேள்வி மட்டும் உண்மையானது. 1919-லேயே தரங்கம்பாடியில் சபைகளை ஒன்றாக்கக் கூடிய கூட்டத்தை நடத்தியவர்களில் அசரியா முக்கியமானவர். அது பலித்து, தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் உருவானது 1947 செப்டம்பர் 27 அன்று. அதைப் பார்க்க அவர் இல்லை. 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கலில் கண்ணை மூடிவிட்டார்.

அம்பேத்கரின் இரண்டாவது கேள்வி இன்னும் பாக்கி. போதாக்குறைக்கு 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி அந்தஸ்தை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியில்தான். ஆகவே தெலங்கானாக் கிராமத்தில் ஒருவர் சான்றிதழில் ஒரு மதமும் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு மதமுமாக வாழ்கிறார். அவரைப் பார்த்து இரட்டை வேடம் என்று சொல்வது சுலபம். ஹாஸ்டல் இடமும் வேலையும் அந்தச் சான்றிதழில் தொங்கும்போது, நாம் என்ன செய்திருப்போம் என்று யோசித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

*

அசரியாவுக்குப் பிறகு என்ன? ஹைதராபாத்திலேயே இன்னும் இரண்டு கதைகள் இருக்கின்றன. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று பக்த் சிங். பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் 1903-ல் பிறந்தவர். நம்மைப் போல இன்ஜினியரிங் படிக்க வெளிநாடு போனவர். லண்டனிலும் கனடாவிலும் படித்து, அங்கே கிறிஸ்தவராகி, 1933-ல் ஊர் திரும்பினார். 1941-ல் சென்னையில் ஒரு சபையைத் தொடங்கினார். பிறகு ஹைதராபாத்துக்கு வந்து கோல்கொண்டா கிராஸ் ரோட்ஸில் ஹெப்ரோன் என்ற இடத்தை மையமாக்கினார். நாற்காலி இல்லை, எல்லோரும் பாயில். செருப்பு வெளியே. வெளிநாட்டுச் சங்கத்தின் சம்பளம் கிடையாது. வருடாந்தரக் கூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நெல்லைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரே வார்த்தை போதும். அசனம்! 2000 செப்டம்பரில் அவர் இறந்தபோது நாராயணகூடா கல்லறைத் தோட்டம் வரை போன கூட்டத்தை அந்த நாள் ஹைதராபாத்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று ஹென்றி மார்ட்டின் நிறுவனம். புதிய ஏற்பாட்டை உருதுவில் மொழிபெயர்த்தவரின் பெயரில், முஸ்லிம்களிடையே ஊழியம் செய்பவர்களுக்குப் பயிற்சி தர 1930-ல் லாகூரில் தொடங்கப்பட்டது. பல ஊர் மாறி 1971-ல் ஹைதராபாத் வந்தது. 1990 டிசம்பரில் பழைய நகரத்தில் பெரிய கலவரம். நாள்கணக்கில் ஊரடங்கு. காஞ்சன்பாக்கிலிருந்து சில கிலோமீட்டர்தான், அந்த டிசம்பரை மூத்த ஊழியர்களைக் கேட்டால் சொல்வார்கள். நிறுவனத்தார் நிவாரணத்துக்குப் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்து புத்தகத்தைத் திறக்கவில்லை. சுல்தான் ஷாஹி போன்ற இடங்களில் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கவும், பெண்கள் தையல் பழகவும் மையங்கள் அமைத்தார்கள். மதம் மாற்றப் பயிற்சி தரத் தொடங்கிய இடம், மதங்களுக்கிடையே பேச்சையும் சமாதானத்தையும் வளர்க்கிற இடமாக மாறியது. சபைக்குள்ளேயே சிலர், கொள்கையைக் கைவிட்டுவிட்டார்கள் என்றார்கள். வேறு சிலர், இப்போதுதான் கொள்கையைப் பிடித்தார்கள் என்றார்கள்.

இன்றைக்கு நிலைமை வேறு. டிவி வந்தது, யூடியூப் வந்தது, 2020 கொரோனாவில் கோவிலே கைபேசிக்குள் வந்துவிட்டது. ஹைதராபாத்தில் லட்சக்கணக்கில் அங்கத்தினர் சொல்கிற மாபெரும் சபைகள் இருக்கின்றன. ஒரு பிரசங்கத்தை ஒரே ராத்திரியில் துபாயிலும் டொராண்டோவிலும் கேட்கலாம். எட்டுவது ரொம்பச் சுலபமாகிவிட்டது. ஆனால் திரையில் பேசுகிறவர் தெலுங்கு படிக்கக் கூடாரத்தில் உட்கார வேண்டியதில்லை. மாலாவையும் மாதிகாவையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கேட்பவர் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். பேசியவர் மாறுவதற்கு வழியே இல்லை.

அசரியா, பக்த் சிங், ஹென்றி மார்ட்டின் நிறுவனம் மூன்றிலும் பொதுவாக நான் பார்ப்பது இதைத்தான். அறிவிக்கப் போனவர் முதலில் தான் மாறினார். மொழி மாறியது, உட்காரும் இடம் மாறியது, கடைசியில் நோக்கமே கொஞ்சம் மாறியது. மற்றவனை மாற்றப் போகிறேன், நான் மட்டும் அப்படியே இருப்பேன் என்றவர்கள் கட்டடம் விட்டுப்போனார்கள். மாறியவர்கள் மனிதர்களை விட்டுப்போனார்கள்.

*

இது நமக்கு எதற்கு?

உலகத்தில் தமிழர் போன இடமெல்லாம் ஒரு தமிழ்ச் சபையோ, முருகன் கோவிலோ, தமிழ்ச் சங்கமோ எழும்பும். கன்டோன்மென்ட் காலத்துச் செகந்திராபாத்திலிருந்து கோலாலம்பூர், லண்டன் வரை இதுதான் வழக்கம். ரொம்ப நல்ல வழக்கம். பிள்ளை 'அம்மா' என்று எழுதக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். தோசையும் கிடைக்கும், மாப்பிள்ளையும் கிடைக்கும்!

ஆனால் அந்த இடம் எதற்காக? வெள்ளாளன்விளையிலிருந்து போனவர் தோர்ணக்கலில் ஒரு குட்டித் திருநெல்வேலி கட்டியிருக்கலாம். தமிழில் பாட்டு, தமிழில் பிரசங்கம், வருடம் ஒரு அசனம் என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். கைப்பிடி அரிசி போட்ட ஆச்சிமார் அதற்காகப் போடவில்லை. தாங்கள் ஒருநாளும் பார்க்கப்போகாத, மொழி தெரியாத ஜனங்களுக்காகப் போட்டார்கள். அவர் தமிழை விட்டுவிடவும் இல்லை. நெல்லையோடு உறவு அறுந்துபோகவும் இல்லை. அதே நேரம் தெலுங்குக்காரர்கள் அவரைத் தங்கள் பிஷப்பாகத்தான் அடக்கம் செய்தார்கள்.

நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர், எந்தக் கோவிலுக்குப் போகிறவராக இருந்தாலும் இந்த இடத்தில் கேள்வி ஒன்றுதான். பக்கத்து வீட்டு ரெட்டிகாரு வீட்டில் துக்கம் என்றால் அவர் மொழியில் இரண்டு வார்த்தை சொல்ல நம் வீட்டில் ஆள் இருக்கிறதா? வேலைக்கு வரும் அம்மாவின் ஊர் எது, அவர் பிள்ளை என்ன படிக்கிறது என்று தெரியுமா? எதிர்த் தெரு முஸ்லிம் குடும்பம் ரம்ஜானுக்கு ஹலீம் அனுப்பினால், பாத்திரத்தைக் காலியாகத் திருப்பி அனுப்பாமல் இருக்கிறோமா? எடின்பரோவில் வெள்ளைக்காரரிடம் அசரியா கேட்டது இதுதான். ஹைதராபாத்காரர் நம்மிடம் கேட்டாலும் இதைத்தான் கேட்பார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முடிந்தால் பகல் வண்டியில் போங்கள். தோர்ணக்கல் வரும்போது பிள்ளைகளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இங்கே இருந்தார் என்று சொல்லுங்கள். மீதிக் கதையைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி வேற்றுமொழி ஊருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட பெரியவர்கள் உண்டா? தாத்தா பாட்டி சொன்ன கதையாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதுங்கள்.